சிங்கப்பூரில் இருக்கும் அப்பா

ஈப்போ
22 ஜூன் 2025

மச்சானுக்கு,

தீபன் எழுதுகிறேன். முதுகு வலி என்று போன மாதம் புனிதாவுக்கு எழுதியிருந்தீர்கள். இப்போது எப்படி இருக்கிறது?

புனிதா வியாழக்கிழமை தவறிவிட்டாள். 19-ஆம் தேதி, காலை 10.50. டெங்கி.

சனிக்கிழமை காய்ச்சல் வந்தது. திங்கட்கிழமை கிளினிக்குக்குக் கூட்டிப்போனேன். செவ்வாய்க்கிழமை பெரியாஸ்பத்திரியில் சேர்த்தேன். இரத்தத் தட்டணு அன்று 90 ஆயிரம். புதன்கிழமை 41. வியாழன் காலையில் 12. எல்லாவற்றையும் என் வேலைக் குறிப்பேட்டில் எழுதி வைத்திருக்கிறேன். எதற்கு எழுதினேன் என்று தெரியவில்லை. லிஃப்ட் பழுது பார்க்கும் வேலையில் எழுதிப் பழகிய கை.

வெள்ளிக்கிழமை மதியம் எடுத்தோம். உங்களுக்குச் சேதி சொல்லத் தாப்பா சிறைக்குப் போன் அடித்தேன், லைன் கிடைக்கவில்லை. பிறந்த வீட்டுக் கோடி எங்கே என்று பந்தலில் எல்லோரும் கேட்டார்கள். கடையில் ஒரு சேலை வாங்கி வந்து தினேஸ்வரி கையில் கொடுத்து, அவள் அப்பா உங்கள் இடத்தில் அவளையே போர்த்தச் சொன்னேன். புருஷன் வாங்கிய சேலையைக் கோடி என்று சொல்லலாமா என்று எனக்குத் தெரியாது. வேறு வழி இல்லை.

நீங்கள் உள்ளே போன நாளிலிருந்து உங்கள் மகளுக்கு அத்தைதான் எல்லாம். இனி நான் பார்த்துக்கொள்கிறேன். அவளுடைய வகுப்புப் பிள்ளைகள் மூன்று வேனில் வந்தார்கள். பள்ளியின் கவுன்சலிங் டீச்சர் பெட்ரீசியா கூட்டி வந்தார். நாம் சொல்லி வைத்தபடியே சொல்லிவிட்டேன்: அப்பா சிங்கப்பூரில் வேலை, லீவு கிடைக்கவில்லை. நாளை பள்ளிக்குப் போகிறேன் என்கிறாள். நல்ல பிள்ளை.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தீபன்


தாப்பா
4 ஜூலை 2025

மாப்பிள்ளைக்கு,

சன்னாசி எழுதுவது. முதுகைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். முதுகு இருக்கிறது.

உங்கள் கடிதம் ஜூலை முதல் தேதிதான் என் கைக்கு வந்தது. அதற்கு இரண்டு நாள் முன்னால் புனிதாவுக்கு ஒரு கடிதம் எழுதிப் போட்டிருந்தேன். தலைவலித் தைலம் அனுப்பச் சொல்லி. பன்னிரண்டு நாள் என் தங்கச்சி உயிரோடு இருந்தாள், எனக்கு மட்டும்.

என் அறையில் அப்பாவு என்று ஒருத்தர் இருக்கிறார். மார்ச்சில் அவர் சம்சாரம் செத்துப்போனது. அன்றைக்கே வீட்டிலிருந்து போன் வந்தது. வேனில் ஏற்றிக்கொண்டு போனார்கள். ஒரு மணி நேரம். கையில் விலங்கு, இரண்டு பக்கமும் வார்டர். விலங்கோடேயே வாய்க்கரிசி போட்டுவிட்டு வந்தார். வந்து அழுதார், சோறு தின்றார், தூங்கினார். நான் இன்னும் தூங்கவில்லை.

லைன் கிடைக்கவில்லை என்கிறீர்கள். எத்தனை தடவை அடித்தீர்கள்? எத்தனை மணிக்கு? நீங்கள் எல்லாவற்றையும் எழுதி வைக்கிறவர்.

பிள்ளை எப்படி இருக்கிறாள்?

சன்னாசி


ஈப்போ
15 ஜூலை 2025

மச்சானுக்கு,

கடிதம் கிடைத்தது. தைலம் கேட்ட கடிதமும் வந்தது. உறையில் அவள் பெயர் இருந்ததால் நான் பிரிக்கவில்லை. இப்போது நீங்கள் சொல்லித்தான் உள்ளே என்ன என்று தெரிகிறது.

எத்தனை தடவை என்று கேட்டீர்கள். ஒரு தடவையும் இல்லை. நம்பர் என்னிடம் இருந்தது. வியாழக்கிழமை மாலை ஐந்து மணிக்குப் போனைக் கையில் எடுத்தேன், பிறகு வைத்துவிட்டேன். மறுநாள் பள்ளியிலிருந்து மூன்று வேன் வரும் என்று டீச்சர் சொல்லியிருந்தார். நீங்கள் விலங்கோடு வந்து இறங்குவதை நாற்பது பிள்ளைகள் பார்ப்பார்கள். அதை நினைத்தேன். முடிவு என்னுடையது. லைன் கிடைக்கவில்லை என்று எழுதியது பொய்.

பொய் சொல்லியும் ஒன்றும் மிஞ்சவில்லை. ஹுத்தான் மெலிந்தாங்கிலிருந்து நல்லம்மாள் பெரியம்மா வந்தார். உங்களுக்கே தெரியும், அவர் ஒப்பாரி வைத்தால் நாலு வீட்டுக்குக் கேட்கும். வந்தவர் முறைப்படி ஒவ்வொரு உறவாகச் சொல்லி அழுதார். அம்மா, அப்பா, நான். கடைசியில் கூடப் பிறந்தவன் முறை வந்தது. "கம்பிக்குள்ள கெடக்குற அண்ணனுக்குச் சேதி சொல்ல ஆளில்லையா, தங்கத்துக்குக் கோடி போட நாதியில்லையா" என்று மார்பில் அடித்துக்கொண்டார். பிள்ளைகள் மாலை போட வரிசையில் நின்றிருந்தார்கள். பாதிப் பேருக்குத் தமிழ் புரியும். அவர்கள் மற்றப் பாதிக்கு அங்கேயே சொன்னார்கள்.

நீங்கள் வந்திருந்தால் அவர் அந்த வரியைப் பாடியிருக்க மாட்டார். இது எனக்குப் பதினாறாம் நாள்தான் உறைத்தது.

தினேஸ்வரியிடம் பள்ளியில் யாராவது ஏதாவது கேட்டார்களா என்று கேட்டேன். "ஒன்னும் இல்ல மாமா. எல்லாம் எப்பவும் போலத்தான்" என்றாள். காலை 6.20-க்குக் கிளம்புகிறாள். 2.30-க்கு வருகிறாள். அதில் எனக்கு நிம்மதி.

பெரியாஸ்பத்திரி லிஃப்டுகள் என் பொறுப்பில் இருந்தன. வேறு ஆளுக்கு மாற்றிக் கொடுக்கச் சொல்லிவிட்டேன். இப்போது கட்டடம் கட்டும் இடங்களில்தான் வேலை.

மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. சாப்பிடுங்கள்.

தீபன்


ஈப்போ
20 ஆகஸ்ட் 2025

மச்சானுக்கு,

ஐந்து வாரமாக உங்களிடமிருந்து பதில் இல்லை. காரணம் தெரியும். உடம்பு சரியில்லாமல் இருந்தால் மட்டும் ஒரு வரி போடுங்கள்.

இங்கே எல்லாம் சரியாக இருக்கிறது. தினேஸ்வரி தன் யூனிஃபார்மைத் தானே துவைத்துக்கொள்கிறாள். வீட்டுப்பாடம் செய்கிறாள், நான் பார்க்கிறேன். சனிக்கிழமை அரிசி களைந்து வைத்தாள். அவள் அதிகம் பேசவில்லை, நானும் பேசவில்லை. அதனால் வீட்டில் சண்டை இல்லை.

புனிதா பெயருக்கு இன்னும் தபால் வருகிறது. தண்ணீர், வங்கி, பள்ளி, துணிக்கடை. பிஸ்கட் டின்னில் போட்டு வைக்கிறேன். அவளுக்கு வந்ததை நான் எப்படிப் பிரிப்பது? அவள் போனையும் அணைத்து அலமாரியில் வைத்துவிட்டேன். முதல் வாரத்தில் அது அடித்துக்கொண்டே இருந்தது.

பிள்ளையைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்.

தீபன்


தாப்பா
2 செப்டம்பர் 2025

மாப்பிள்ளைக்கு,

உடம்புக்கு ஒன்றும் இல்லை. கோபம்தான். அது எழுத விடவில்லை. இன்னும் தீரவில்லை, ஆனாலும் எழுதுகிறேன், பிள்ளை உங்களிடம் இருக்கிறது.

6.20-க்குப் போகிறாள், 2.30-க்கு வருகிறாள் என்று எழுதுகிறீர்கள். நான் என்ன லிஃப்டைப் பற்றியா கேட்டேன்? மேலே போனது, கீழே வந்தது, கதவு திறந்தது. யாரோடு பேசுகிறாள்? ஜானிஸ் என்று ஒரு சிநேகிதப் பிள்ளை உண்டே, அது வீட்டுக்கு வருகிறதா? சிரிக்கிறாளா? அவளுக்குச் சிரிப்பு வந்தால் முதலில் மூக்குதான் சுருங்கும். அதைக் கடைசியாக எப்போது பார்த்தீர்கள்?

இங்கே எங்களையும் காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை எண்ணுகிறார்கள். ஆள் சரியாக இருந்தால் போதும். உள்ளே என்ன என்று யாரும் பார்ப்பதில்லை. நீங்களும் அப்படி எண்ணாதீர்கள்.

சன்னாசி


ஈப்போ
10 செப்டம்பர் 2025

மச்சானுக்கு,

இந்தக் கடிதத்தில் நலம் விசாரிக்க எனக்கு யோக்கியதை இல்லை. நேராக எழுதிவிடுகிறேன்.

தினேஸ்வரி ஜூலை ஏழாம் தேதியிலிருந்து பள்ளிக்கூடம் போகவில்லை. நாற்பத்தைந்து பள்ளி நாட்கள். பெயரை எடுத்துவிட்டார்கள்.

ஆஸ்பத்திரி லிஃப்டுகளை இப்போது நைஜல் பார்க்கிறான். திங்கட்கிழமை சாமான் எடுக்க ஆபீசுக்கு வந்தவன் என்னைக் கேட்டான்: "உங்க வீட்ல யாராச்சும் அட்மிட்டா? உன் மச்சான் மகளை நாலாவது மாடியில பார்த்தேன்லா. போன மாசமும் பார்த்தேன். ஸ்கூல் உடுப்புல." வேறு யாராவது இருக்கும் என்றேன். மறுநாள் காலை பத்து மணிக்கு மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனேன். ஜூன் மாதத்துக்குப் பிறகு நான் அங்கே போவது அதுதான் முதல் தடவை.

புனிதா இருந்த வார்டுக்கு வெளியே நாற்காலிகள் போட்டிருப்பார்கள். மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து கூடுதல் கணிதப் பாடக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஒரு கப் மைலோ. என்னைப் பார்த்துப் பதறவில்லை.

"வேலையா மாமா? மூனாவது லிஃப்ட் சரியா நிக்க மாட்டேங்குது. நீங்க வராம கெட்டுப் போச்சு."

பக்கத்தில் உட்கார்ந்தேன். எத்தனை நாளாக என்று கேட்டேன், தேதியோடு சொன்னாள். ஏன் இங்கே என்று கேட்டேன்.

"இங்க யாரும் கேக்க மாட்டாங்க. உக்காந்திருக்கிற எல்லாரும் யாருக்காகவோ காத்திருக்காங்கன்னு நினைச்சுக்குவாங்க."

நர்ஸ் மிஸ்ஸி ஒருத்தர் மட்டும் ஒரு நாள் கேட்டாராம், உள்ளே யார் என்று. அத்தை என்றாளாம். எத்தனாவது கட்டில் என்றதற்குப் பதினான்கு என்றாளாம். புனிதா படுத்திருந்த கட்டில். அந்த மிஸ்ஸி வேறு வார்டைச் சேர்ந்தவர். தனக்கு வேலை உள்ள நாளெல்லாம் பத்து மணிக்கு ஒரு மைலோ கொண்டுவந்து கொடுத்திருக்கிறார்.

வீட்டுக்குக் கூட்டிவந்து பிஸ்கட் டின்னைத் திறந்தேன். பள்ளிக் கடிதங்கள் நான்கு இருந்தன. மூன்று எச்சரிக்கை, நான்காவது பெயர் நீக்கம். எல்லாம் "காப்பாளர் புனிதா" என்ற பெயருக்கு. இரண்டு மாதமாக என் கையாலேயே வாங்கி என் கையாலேயே டின்னுக்குள் போட்டிருக்கிறேன்.

சாயங்காலம் பெட்ரீசியா டீச்சரைப் போய்ப் பார்த்தேன். பள்ளியில் இருந்த ஒரே நம்பர் புனிதாவுடையதுதான், வீட்டில் யாராவது எடுப்பார்கள் என்று பதினோரு தடவை அடித்ததாகச் சொன்னார். என்ன நடந்தது என்று பாதி அவரும் பாதி தினேஸ்வரியும் சொன்னதிலிருந்து எழுதுகிறேன். அத்தையை எடுத்த பிறகு அவள் பள்ளிக்குப் போன முதல் நாளே "சிங்கப்பூர்" என்று பெயர் வைத்துவிட்டார்கள். "ஏய் சிங்கப்பூர், உங்கப்பா எந்த ஜெயில்ல ஓவர்டைம் பாக்குறாரு" என்று கேட்டார்களாம். வகுப்பு வாட்ஸ்அப்பில் கைவிலங்குப் படம். ஜானிஸின் அம்மா பள்ளிக்கு வந்து தன் மகளை வேறு இடத்தில் உட்கார வைக்கச் சொல்லியிருக்கிறார். கண்டினில் இவள் சாப்பிட உட்கார்ந்தால் மேசை காலியாகும். யாரும் அடிக்கவில்லை. அதனால் புகார் எழுத ஒன்றும் இல்லை.

ஜூலை ஆரம்பத்தில் பள்ளியில் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரு கேள்வித்தாள் கொடுத்தார்களாம், மனசு எப்படி இருக்கிறது என்று. தூக்கம் கெடுகிறதா, அழுகை வருகிறதா, பூஜ்யத்திலிருந்து மூன்று வரைக்கும் போட வேண்டும். தினேஸ்வரி எல்லாவற்றுக்கும் பூஜ்யம் போட்டிருக்கிறாள். அத்தை செத்து இரண்டு வாரத்தில். அதிக மார்க் வந்தவர்களைத்தான் கூப்பிட்டுப் பேசினார்கள். டீச்சர் அந்தத் தாளை மேசையில் வைத்து, "நல்ல பிள்ளைங்களத்தான் தம்பி நாங்க கடைசியா பாக்குறோம்" என்றார்.

ஒரு சென்சார் எப்போது பார்த்தாலும் பூஜ்யம் காட்டினால் நாங்கள் "சரி" என்று எழுத மாட்டோம், மச்சான். கம்பி அறுந்திருக்கிறது என்று எழுதுவோம். இது தெரிந்த நான்தான் உங்களுக்கு 6.20, 2.30 என்று எழுதிக்கொண்டிருந்தேன்.

தீபன்


தாப்பா
20 செப்டம்பர் 2025

மாப்பிள்ளைக்கு,

கடிதத்தை அப்பாவுவைப் படிக்கச் சொல்லிக் கேட்டேன். நானே படித்தபோது பாதியில் எழுத்து தெரியவில்லை.

உங்களைத் திட்ட எழுத உட்கார்ந்தேன். முடியவில்லை. சிங்கப்பூர் என்று முதலில் சொன்னது யார் தெரியுமா? நீங்கள் இல்லை, புனிதாவும் இல்லை. கோயில் திருவிழாச் சண்டையில் ஒருத்தன் கையை வெட்டிவிட்டு வீட்டில் வந்து உட்கார்ந்திருந்தேன். பிடிக்க வந்தார்கள். தினேஸ்வரி அப்போதுதான் பள்ளி விட்டு வந்து வாசலில் நின்றாள். அவள் அம்மா எங்களை விட்டுப் போனதற்கப்புறம் நான் எங்கே கிளம்பினாலும் கேட்பாள். அன்றைக்கும் கேட்டாள், அப்பா எங்க போறீங்க என்று. சிங்கப்பூருக்கு என்றேன். பதின்மூன்று வயசுப் பிள்ளை. என் விலங்கைப் பார்த்துக்கொண்டே "சரிப்பா" என்றாள்.

மூன்று வருஷமாக அந்தச் சரியைக் காப்பாற்றிக்கொண்டு வருகிறாள்.

இப்போது என்ன செய்கிறாள்? தனியாக விடாதீர்கள். பள்ளியில் சேர்க்க என்ன வழி என்று கேளுங்கள். என்னால் ஆகக்கூடியது ஏதாவது இருக்கிறதா? இருக்காது. இருந்தால் எழுதுங்கள்.

சன்னாசி


ஈப்போ
30 செப்டம்பர் 2025

மச்சானுக்கு,

நீங்கள் தூங்குகிறீர்களா? அப்பாவுவுக்கும் என் வணக்கம்.

உங்களால் ஆகக்கூடியது ஒன்று இருக்கிறது. அதை எப்படி எழுதுவது என்று ஒரு வாரம் யோசித்தேன்.

பள்ளி விடுமுறை முடிந்ததும் பள்ளி முதல்வரை, பெங்கெத்துவாவை, பார்த்தோம், நானும் பெட்ரீசியா டீச்சரும். மோசமான ஆள் இல்லை. மேல்முறையீடு செய்தால் தானே பரிந்துரை எழுதுவதாகச் சொன்னார். அக்டோபர் கடைசிக்குள் கொடுக்க வேண்டும். ஆனால் அதில் கையெழுத்துப் போட என்னால் முடியாது. காப்பாளராக இருந்தவள் புனிதா. அவள் இல்லை. காகிதத்தில் நான் தினேஸ்வரிக்கு யாரும் இல்லை. பிறப்புப் பத்திரத்தில் உள்ள அம்மா அல்லது அப்பா எழுத வேண்டும். அம்மா எங்கே என்று உங்களுக்கே தெரியாது. அப்பா சிறையில் இருந்தால் சிறை முத்திரையோடு எழுதி அனுப்பலாமாம்.

இதைத் தினேஸ்வரியிடம் சொன்னேன். முடியாது என்றாள். கத்தவில்லை. தட்டில் இருந்த மீன் முள்ளை ஒதுக்கிக்கொண்டே சொன்னாள்.

"இப்ப வரைக்கும் அது வெறும் பேச்சு மாமா. யாரும் ஒன்னும் கண்ணால பாக்கல. அந்த முத்திரை என் ஃபைலுக்குள்ள போயிட்டா அப்புறம் அதுதான் உண்மை. கிளவுஸ் ஃபேக்டரியில பதினாறு வயசுக்கே எடுக்குறாங்க. நான் போறேன்."

டீச்சர் செவ்வாயும் வியாழனும் வீட்டுக்கு வருகிறார். போன வியாழன் நான் சமையல்கட்டில் நின்றிருந்தேன். டீச்சர் சுற்றி வளைக்காமல் கேட்டார்: "செத்துப் போகணும்னு தோணுதா உனக்கு?" நான் என்றால் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்க மாட்டேன். கேட்டால் அவளுக்கே அந்த நினைப்பு வந்துவிடும் என்று பயந்திருப்பேன். தினேஸ்வரி கணக்குப் புத்தகத்தை மூடி வைத்தாள். பிறகு, "செத்துப் போகணும்னு இல்ல டீச்சர். காணாமப் போகணும். யாருக்கும் ஞாபகம் இல்லாம" என்றாள். டீச்சர் அதற்கு உபதேசம் ஒன்றும் சொல்லவில்லை. அவளோடு உட்கார்ந்தே ஒரு மனநல டாக்டரிடம் நாள் வாங்கிக் கொடுத்தார். நான் கூட்டிப்போகிறேன்.

அவள் வேண்டாம் என்கிறாள். நீங்கள் எழுத வேண்டும் என்கிறேன் நான். போன தடவை உங்களைக் கேட்காமல் ஒரு முடிவு நடந்தது. இந்தத் தடவை கேட்கிறேன்.

தீபன்


தாப்பா
8 அக்டோபர் 2025

மாப்பிள்ளைக்கு,

தூங்குகிறேன், கொஞ்சம்.

மனு இதோடு இருக்கிறது. மலாயில் எழுத இங்கே படித்த பையன் ஒருத்தன் உதவினான். முதலில் மூன்று பக்கம் எழுதினேன், நான் எப்படிப்பட்ட அப்பன் என்று. அவன் படித்துவிட்டு, "அண்ணே, இது உங்க மனுவா, பிள்ளை மனுவா?" என்றான். கிழித்துவிட்டு அரைப் பக்கம் எழுதினேன். முத்திரையைப் பின்பக்கம் போட முடியுமா என்று ஆபீசில் கேட்டேன். சிரித்தார்கள். முன்பக்கம்தான், என் பெயருக்குப் பக்கத்தில், நன்றாகத் தெரிகிற மாதிரி.

இதைப் பள்ளியில் கொடுக்காதீர்கள். அவள் கையில் கொடுங்கள். அவள் கிழித்தால் கிழிக்கட்டும். அவளுக்குத் தெரியாமல் அவளைக் காப்பாற்ற நாம் இரண்டு பேரும் பண்ணினது போதும்.

அத்தை செத்த வருஷம், தீபாவளி இருக்காது. ஆனாலும் அன்றைக்கு அவளுக்கு நல்ல சாப்பாடாக வாங்கிக் கொடுங்கள்.

சன்னாசி


ஈப்போ
16 அக்டோபர் 2025

மச்சானுக்கு,

வந்தது. பிரிக்காமல் அவளிடம் கொடுத்தேன். என்ன என்று கேட்டாள், சொன்னேன். அறைக்குள் எடுத்துக்கொண்டு போனாள். நான் வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். ஒரு மணி நேரம் கழித்து வந்து, அழி ரப்பர் இருக்கிறதா என்று கேட்டாள். இல்லை என்றேன். திரும்பப் போய்விட்டாள்.

அவ்வளவுதான் தெரியும். கிழித்தாளா வைத்திருக்கிறாளா என்று தெரியாது. கேட்கவில்லை. கடைசி நாள் இம்மாதம் 31.

என்னைப் பற்றி நான் எழுதியதில்லை. ஜூன் மாதத்திலிருந்து எனக்கு எதைச் சாப்பிட்டாலும் ருசி தெரியவில்லை. டீச்சர் அந்தக் கேள்வித்தாளை என்னையும் எழுதச் சொன்னார். எனக்கு எதற்கு என்றேன். "சும்மா எழுதுங்க தம்பி, மார்க் போட மாட்டேன்" என்றார். எழுதினேன். ஒரு கேள்விக்கும் பூஜ்யம் போட முடியவில்லை.

டாக்டரிடம் அவளோடு நானும் போய் வருகிறேன். உங்கள் முதுகுக்குத் தைலம் அனுப்பலாமா என்று அங்கே விசாரித்து எழுதுங்கள்.

தீபன்


ஈப்போ
28 அக்டோபர் 2025

அப்பா,

தினேஸ்வரி. நீங்கள் நலமா என்று கேட்டு ஆரம்பிக்க வேண்டும் என்று ஆரம்பப் பள்ளியில் சொல்லிக் கொடுத்தார்கள். நலமா?

மனுவில் என்னைப் படிவம் மூன்று என்று எழுதியிருந்தீர்கள். நான் படிவம் நான்கு. ஒரு வருஷம் உங்களுக்கு எங்கேயோ விட்டுப்போய்விட்டது. பேனாவில் எழுதியிருந்ததால் அழிக்க முடியவில்லை. ஒரு கோடு போட்டு அடித்து, மேலே நான்கு என்று எழுதி, பக்கத்தில் நான் சின்னக் கையெழுத்துப் போட்டேன்.

கிழிக்கத்தான் எடுத்தேன். ஆனால் படித்தேன். என்னைப் பற்றி நான்கு வரி இருந்தது, உங்களைப் பற்றி ஒரே வரி. நான் இந்தச் சிறையில் இருக்கிறேன், இவள் என் மகள், இதில் அவள் தவறு எதுவும் இல்லை. அதைப் பத்துத் தடவை படித்தேன். ஆறு நாள் பையில் வைத்திருந்தேன். புதன்கிழமை மாமாவிடம் சொல்லாமல் நானே பள்ளிக்குக் கொண்டுபோனேன். பெங்கெத்துவா படித்தார். முத்திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். இது உன் அப்பாவா என்று கேட்டார். ஆமாம் என்றேன். அவர் உட்காரச் சொன்னார்.

மேலிடத்து முடிவு வரும்வரை வகுப்பில் உட்காரலாம் என்று விட்டிருக்கிறார். வியாழக்கிழமையிலிருந்து போகிறேன். ஜானிஸ் என் பக்கத்தில் உட்காரவில்லை. முதல் நாள் டீச்சர் அறையில் சாப்பிட்டேன். நேற்று கண்டினுக்குப் போனேன். "சிங்கப்பூர் வந்துருச்சுலா" என்று யாரோ சொன்னார்கள். "சிங்கப்பூர் இல்ல, தாப்பா" என்று சொல்லிவிட்டுச் சாப்பிட்டேன். யாரும் சிரிக்கவில்லை. யாரும் பக்கத்திலும் வரவில்லை. நாசி லெமாக்கை முடித்துவிட்டுத்தான் எழுந்தேன்.

இன்னொன்று. மாமா உங்களுக்கு எழுதிய கடிதத்தில் முடிவு தன்னுடையது என்று எழுதியிருப்பார். எழுதியிருப்பார் என்று தெரியும். அது பொய். அன்றைக்கு அவர் சிறை நம்பரை அடித்துவிட்டார், மணியும் போக ஆரம்பித்தது. நான்தான் அவர் மணிக்கட்டைப் பிடித்தேன். அப்பா அப்படி வந்து இறங்கினா நான் இனிமே பள்ளிக்கூடமே போக மாட்டேன் என்றேன். அவர் வைத்துவிட்டார். நீங்கள் அத்தையைப் பார்க்காமல் போனது என்னால். நான்கு மாதமாக அவர் என்னிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. உங்களிடமும் என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. வீட்டு மேசையில் அவர் உங்களுக்கு எழுதுவதையும் உங்கள் கடிதம் வந்து கிடப்பதையும் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

இதற்கு நான் இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை. உங்கள் மீதும் எனக்குக் கோபம் இருக்கிறது. இரண்டும் ஒன்றாக இருக்கின்றன, எதை முதலில் எழுதுவது என்று தெரியவில்லை.

அத்தைக்குச் சேலை போர்த்தும்போது பாதம் வெளியே தெரிந்தது. இழுத்து மூடிவிட்டேன். உங்களுக்குத் தெரிய வேண்டும் என்பதால் எழுதுகிறேன்.

அடுத்த மாதம் மாமா உங்களைப் பார்க்க வருவார். நான் இப்போது வரவில்லை.

நான் எப்படி இருக்கிறேன் என்று இனிமேல் மாமாவிடம் கேட்காதீர்கள். என்னைக் கேளுங்கள். நன்றாக இல்லை. நாளைக்கு முதல் பாடம் கூடுதல் கணிதம்.

தினேஸ்வரி
படிவம் நான்கு